பால் சைமனின் ‘செவன் சாம்ஸ்’: பக்தி ஆல்பமா, ரசிகர்களின் பாசமா?

அமெரிக்கப் பாடகரும் பாட்டெழுத்தாளருமான பால் சைமனின் ஆல்பம் பற்றி வந்த கேள்வி இது: “பால் சைமனின் ‘செவன் சாம்ஸ்’ கேட்டேன். 33 நிமிஷம், ஒரே ட்ராக். ட்ரம்ஸ் இல்லை, மனசில் ஒட்டுகிற பல்லவி இல்லை, எடுத்ததும் கர்த்தர் கர்த்தர் என்கிறார். வயசானதும் பக்தி வந்துவிட்டதா? ரசிகர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது பழைய பாசத்தாலா, இல்லை நிஜமாகவே இதில் விஷயம் இருக்கிறதா?”

நீங்கள் கேட்டிருப்பது அவருக்கு பக்தி வந்ததா என்று. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ஊரே நல்ல ஆல்பம் என்கிறது, உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கோளாறு உங்கள் காதிலா, ஆல்பத்திலா, ரசிகர்களிலா? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் சென்னையில் சவுண்ட் இன்ஜினியர். ஸ்டுடியோ ரெக்கார்டிங், மேடைக் கச்சேரி இரண்டும் செய்கிறவன். என் பிழைப்பில் பெரும்பங்கு பக்தி ஆல்பங்கள்தான்: கார்த்திகைக்கு முன்னால் ஐயப்பன், ஆகஸ்டில் வேளாங்கண்ணி, நவம்பரில் கிறிஸ்துமஸ். அதனால் ஒரு பக்தி ஆல்பம் எப்படித் தயாராகிறது என்பது கைப்பழக்கமாகத் தெரியும். இறையியல் எனக்குத் தெரியாது. சைமன் மனசுக்குள் எதை நம்புகிறார் என்று பாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். ஒலியும் பாட்டின் கட்டுமானமும் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. ஆல்பம் வெளிவந்தது 2023 மே 19. அப்போது சைமனுக்கு 81 வயது. 2019 ஜனவரி 15 அன்று ஒரு கனவு வந்ததாகவும், ‘செவன் சாம்ஸ்’ என்ற படைப்பை நீ எழுதவேண்டும் என்று அந்தக் கனவு சொன்னதாகவும், எழுந்து அதைத் தேதியோடு குறித்து வைத்ததாகவும் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதலில் கிடாரில் இசைத் துண்டுகள் வந்தன. வார்த்தைகள் அப்புறம்தான், அதுவும் விடியற்காலை மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் விழிப்புத் தட்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள். அறுபது வருஷத் தொழில் சாமர்த்தியத்தைக் கொண்டுவந்து தானாக ஒரு வரியைச் செதுக்க உட்கார்ந்தால் வரத்து நின்றுவிடும் என்றும் சொன்னார். கனவில் வந்தது யார் என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒரு பாட்டெழுத்தாளர் தன் கைத்திறமையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்துவிட்டு, வருவதற்காகக் காத்திருந்தார் என்பது வேலை செய்த முறை பற்றிய தகவல். இந்த ஆல்பத்தில் ஆன்மீகம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் அங்கேதான் என்பேன்.

ஒரு பக்தி ஆல்பத்துக்கு எங்களிடம் வரும் தயாரிப்பாளர் கேட்பது என்ன தெரியுமா? முதல் பதினைந்து விநாடிக்குள் சாமி பேர் வரவேண்டும், கூட்டத்தோடு சேர்ந்து பாட ஒரு வரி வேண்டும், ஒலிபெருக்கியில் தெருமுனைவரை கேட்க வேண்டும். அதில் தப்பொன்றும் இல்லை. கும்பலாக நின்று பாடுவதற்கான பாட்டு அப்படித்தான் இருக்கவேண்டும். ‘செவன் சாம்ஸ்’ அந்த வேலைக்கே வராது. யாரும் சேர்ந்து பாட முடியாது, தேர்த்திருவிழாவில் போட முடியாது. தனியாக ஒருவர் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிற தொனி. குரலும் வாய்க்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்ததுபோல, மூச்சு கேட்கிற நெருக்கத்தில் இருக்கிறது.

பெயரில் இருக்கும் ‘சாம்’ என்பது நம் தமிழ் பைபிளில் ‘சங்கீதம்’. மொத்தம் 150. தாவீது ராஜா பாடியவை என்று மரபாகச் சொல்லப்படுபவை நிறைய. சர்ச்சுக்குப் போகாதவர்களுக்கும் 23-ஆம் சங்கீதம் காதில் விழுந்திருக்கும்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்.” துதிப்பாடல் என்றாலே புகழ்ச்சிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த 150-ல் புலம்பலும் கோபமும் ஏராளம். 13-ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று கடவுளிடம் நியாயம் கேட்கிறது. ஆகவே சங்கீதம் என்ற வடிவத்தைக் கையில் எடுத்தவர் நன்றி மட்டும் சொல்லவேண்டும் என்று சட்டமில்லை. சைமன் யூதக் குடும்பத்தில் பிறந்து நியூயார்க்கின் குவீன்ஸில் வளர்ந்தவர். இந்தப் புலம்பல் மரபு அவருடைய சொந்த வீட்டுச் சொத்து.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட அந்தக் ‘கர்த்தர் கர்த்தர்’ பகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பகுதியின் பெயரே ‘த லார்ட்’. மேய்ப்பர் என்ற பழைய உருவகத்தின் இடத்தில் அவர் வைப்பது இன்ஜினியர். அடுத்தடுத்து, கர்த்தர் என்பது தான் சவாரி செய்யும் பூமி, தான் வழுக்கி வழுக்கி நடக்கும் பாதை, கன்னிக் காடு, அந்நியனுக்குத் திறக்கும் கதவு என்று பட்டியல் போகிறது. இதுவரை சரி, யாரும் ஆமென் சொல்லலாம். அதே பட்டியலில், அதே குரலில், அதே மெட்டில் கோவிட் வைரஸும் கர்த்தர், ஏறி வரும் கடலும் கர்த்தர், பயங்கரமான வாளும் கர்த்தர் என்று வருகிறது. இன்னோரிடத்தில் கர்த்தர் தன் சொந்த நகைச்சுவை என்கிறார். இதைக் கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் வைத்துக் கொடுத்தால் எந்தப் பாஸ்டரும் வாங்கிக்கொள்ள மாட்டார். இந்தப் பல்லவி ஆல்பத்தில் ஒருதரம் வந்துவிட்டுப் போய்விடுவதில்லை. மற்றப் பகுதிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு பொருள்களைச் சுமந்துகொண்டு வருகிறது. நீங்கள் “பல்லவி இல்லை” என்றீர்கள். இருக்கிறது. வெகு நேரம் தள்ளித் தள்ளி வருவதால் பல்லவி என்று காது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வயசானதும் வந்த பக்தியா என்பதற்கு வருகிறேன். இல்லை. இந்தச் சரடு அவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1970-ல் வந்த ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’ பாட்டின் விதையே ஒரு கறுப்பின காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) குழு. ‘ஸ்வான் சில்வர்டோன்ஸ்’ குழுவின் கிளாட் ஜீட்டர், என் பெயரை நம்பினால் ஆழமான தண்ணீர்மேல் உனக்குப் பாலமாக இருப்பேன் என்ற பொருளில் பாடிய வரியைக் கேட்டுத்தான் சைமன் அதை எழுதினார். பாடியது அவருடைய அன்றைய ஜோடிப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் 2011-ல் ‘சோ பியூட்டிஃபுல் ஆர் சோ வாட்’ என்று ஒரு ஆல்பம். அதில் செத்துப்போனவன் ஒருவன் மேலே போனால் அங்கே படிவம் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். தாலுகா ஆபீஸ் தெரிந்த நமக்கு அந்தப் பாட்டு நன்றாகவே புரியும். அதே ஆல்பத்தில் கடவுளும் மகனும் பூமிக்கு மரியாதைநிமித்தம் ஒரு விசிட் வந்துவிட்டுக் கிளம்புகிற பாட்டும் உண்டு. மதப்பற்று இல்லாத ஒருவருக்குக் கடவுள் ஒரு பாத்திரமாக விடாமல் வந்துகொண்டே இருப்பது பற்றி அவரிடமே கேட்டிருக்கிறார்கள். தனக்கே ஆச்சரியம்தான் என்ற மாதிரிதான் பதில். 2023-ல் புதிதாக நடந்தது என்று நான் நினைப்பது, அதுவரை கிண்டலுக்குப் பின்னால் நின்றிருந்த கேள்வி முன்னால் வந்துவிட்டதுதான்.

ஆனால் விசுவாசியின் நிச்சயம் ஓர் இடத்திலும் இல்லை. ‘யுவர் ஃபர்கிவ்னெஸ்’ பகுதியில் சந்தேகப்பட எனக்குக் காரணங்கள் உண்டு என்று நேராகவே சொல்கிறார். உடனே, 200 கோடி இதயத்துடிப்பு, அதோடு சரியா, இல்லை எல்லாம் மறுபடி ஆரம்பிக்குமா என்று கேட்கிறார். நான் ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 கோடியே 68 லட்சம். 200 கோடி 54 வயதிலேயே தீர்ந்துவிடும். எழுதியபோது அவர் எழுபதுகளின் கடைசியில் இருந்தார். தன் ஒதுக்கீடு எப்போதோ முடிந்துபோய் உபரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே எழுதினாரா, உருண்டை எண்ணாக விழுந்ததா என்பது ஊகம்தான். எனக்கென்னவோ அந்த மனுஷர் கணக்கில் கெட்டி என்று தோன்றுகிறது.

எல்லாம் மரணமும் மறுமையும் இல்லை. ‘டிரெயில் ஆஃப் வால்கனோஸ்’ பகுதியில் சின்ன வயசில் கிடாரைத் தூக்கிக்கொண்டு கடல்தாண்டிப் போன பாதைகள் இப்போது அகதிகளைக் கக்கும் எரிமலைகளாக இருக்கின்றன என்கிறார். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள கலைஞர்களோடு ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பம் செய்து, நிறவெறி ஆட்சிக்கு எதிரான ஐ.நா.வின் கலாச்சாரப் புறக்கணிப்பை மீறினார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் வாயிலிருந்து இந்த வரி வருகிறது. அடுத்து, செய்த சேதத்தை ஈடுகட்ட நேரம் அதிகம் மிச்சமில்லை என்கிறார். அது எந்தச் சேதம் என்று அவர் பெயர் சொல்லவில்லை. ரசிகர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘மை புரொஃபஷனல் ஒப்பீனியன்’ என்பது முழுக்க ப்ளூஸ், குத்தல் நகைச்சுவை. கோபக்கார ஊடகப் பேச்சாளர்களை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறது. நல்ல பாட்டு, ஆனால் இந்த வரிசையில் அது கொஞ்சம் இடறுகிறது என்பது என் அபிப்பிராயம். பரம ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

அடுத்து அந்த 33 நிமிஷ ஒற்றை ட்ராக். இது அசிரத்தை இல்லை, திட்டம். நடுவில் நிறுத்தாமல் முழுதாகக் கேட்க வேண்டிய படைப்பு என்று அறிவித்துத்தான் வெளியிட்டார்கள். இதில் பணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதைத் தொழிலில் இருப்பவன் சொன்னால்தான் தெரியும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால் ஒரு ப்ளே கணக்கு. ஏழு பாட்டாக வெட்டிப் போட்டிருந்தால் ஒரு முழுக் கேட்புக்கு ஏழு ப்ளே. ஒரே கோப்பாகப் போட்டதால் ஒன்றே ஒன்று. ப்ளேலிஸ்டுகளிலும் இடம் கிடைக்காது, 33 நிமிஷத்தை எவன் சேர்ப்பான்? புதுப் பாடகர் யாராவது இந்த யோசனையோடு வந்தால் நானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு நல்ல தரத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிஷம்தான் கொள்ளும். ஆக, தட்டு வாங்கிக் கேட்கிற அசல் பரம ரசிகர்தான் நடுவில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். போனில் கேட்கிற உங்களுக்கும் எனக்கும் அந்தத் தடங்கல் இல்லை.

இசையாக என்ன நடக்கிறது? அடித்தளம் ஒற்றை அகூஸ்டிக் கிடார், விரலால் மீட்டுவது. அதுதான் ஆல்பத்தைத் தூக்கிச் சுமக்கிறது. ஆரம்பத்தில் வரும் கிடார்த் துணுக்கு பகுதிகளுக்கு நடுவில் மறுபடி தலைகாட்டும், முழுசாக இல்லாமல் பாதியாக, வேறு வேகத்தில். மணிகள் ஒலித்து நெடுநேரம் தேய்கின்றன. ‘வோசஸ் எயிட்’ என்ற பிரிட்டிஷ் பாடகர் குழு ஆங்காங்கே பின்னால் ஒரு மெல்லிய திரைபோல வந்து விலகுகிறது. தாளத்தை ட்ரம்ஸ் பிடிக்காததால் பாடகரின் மூச்சே தாளமாகிவிடுகிறது: வரி முடிகிற இடத்தில் கிடார் காத்திருக்கும், வார்த்தை கனமாக இருந்தால் நடை தளரும். நாங்கள் இப்போதெல்லாம் பெரும்பாலும் க்ளிக் ட்ராக் (வேகம் மாறாமல் டிக் டிக்கென்று காதில் ஒலிக்கும் தடம்) போட்டு, ஒவ்வொரு அடியும் கட்டத்துக்குள் விழுகிறதா என்று பார்த்துத்தான் ரெக்கார்ட் செய்கிறோம். அந்தக் கட்டத்துக்குப் பழகிய காதுக்கு இது தொளதொளவென்று இருப்பதாகத்தான் படும். உங்கள் காதில் கோளாறு இல்லை, பழக்கம்தான். சைமனும் கைல் க்ரஷமும் சேர்ந்து தயாரித்திருக்கிறார்கள். கலவையில் எதையும் முன்னால் தள்ளவில்லை, சத்தத்தைக் கூட்டி மிரட்டவில்லை. பஸ்ஸில் இயர்போனில் கேட்டால் பாதி காணாமல் போகும்.

காது என்றதும் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று. இந்த ஆல்பம் வேலையின் நடுவில் அவருடைய இடது காதில் திடீரென்று கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. ஏன் என்று யாராலும் விளக்க முடியவில்லை என்று ஆல்பம் வந்த சமயத்தில் அவரே சொன்னார். அலெக்ஸ் கிப்னி எடுத்த ‘இன் ரெஸ்ட்லெஸ் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்தில், 2023 செப்டம்பரில் டொரண்டோ விழாவில் முதலில் திரையிட்ட படம் அது, அந்த அவஸ்தையைப் பார்க்கலாம். ஒரு காது போனால் பாதி சத்தம் குறைகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நடப்பது அது இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் இடையிலுள்ள நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான். ஒன்று போனால் திசையே போய்விடும். ஸ்டீரியோ என்பது அர்த்தமில்லாத வார்த்தையாகிவிடும். கேட்காத பக்கத்திலிருந்து வரும் கீச்சு ஒலிகளைத் தலையே மறைத்துவிடும். மேடையில் பத்து வாத்தியம் சேர்ந்து ஒலிக்கும்போது தன் குரலைத் தனியே பிரித்தெடுப்பது மகா கஷ்டம், சுருதி நழுவும் பயம் எப்போதும் இருக்கும். பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதே பெரிய ஆராய்ச்சியாகிவிடும். ‘பீச் பாய்ஸ்’ குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்ட கேட்காமலேதான் இருந்தது, அவர் தன் மகத்தான வேலைகளை மோனோவிலேயே, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றைத் தடமாகவே கலந்தார். முடியாத காரியம் இல்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து அப்படியே வளர்வது வேறு, எண்பதை நெருங்கும்போது ஒருநாள் திடீரென்று பறிபோவது வேறு.

(நடுவில் ஒரு வார்த்தை: உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.)

ஆல்பத்தின் ஒடுக்கமான, ட்ரம்ஸ் இல்லாத ஒலிக்குக் காது போனதுதான் காரணம் என்று சில ரசிகர்கள் உறுதியாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கிடாரில் தொடங்கி விடியற்காலை வார்த்தைகளில் வளர்ந்த அமைப்பு முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. காது போனது பிற்பாடு. வேலை முடியும் தறுவாயில் அந்த இழப்பு குரலின் தொனியை மாற்றியிருக்கலாம். அதைக் கேட்டு நிரூபிக்க வழியில்லை. கனவு சொல்லி ஆரம்பித்து, காதைப் பறித்து முடித்தது என்று இதைப் புராணமாக்குவதும் எனக்குப் பிடிக்காது. துன்பம் வந்தால்தான் கலை வரும் என்பது துன்பப்படாதவர்கள் சொல்வது.

கடைசிப் பகுதியின் பெயர் ‘வெய்ட்’. பொறு, நான் இன்னும் தயாராகவில்லை, மூட்டைதான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பாடுகிறார். இதற்கு நேரெதிராக நிற்பது கனடாப் பாடகர் லெனார்ட் கோஹனின் ‘யூ வான்ட் இட் டார்க்கர்’. 2016 அக்டோபர் 21-ல் வந்த அந்த ஆல்பத்தில், தான் வளர்ந்த மாண்ட்ரீல் ஜெப ஆலயத்தின் பாடகர் குழுவைப் பின்னால் நிறுத்தி, நான் தயார் ஆண்டவரே என்று பாடினார் கோஹன். நவம்பர் 7-ல் இறந்தும் போனார். இரண்டும் யூத மரபில் வந்த கிழவர்களின் பாட்டு, இரண்டும் உண்மை. ஆனால் சைமனின் ‘இன்னும் இல்லை’ எனக்கு நெருக்கமாக இருக்கிறது. அதில் வீரம் கிடையாது. அந்த இடத்தில் அவருடைய மனைவி எடி பிரிக்கெல் குரல் சேர்க்கிறார். அதற்கு முந்தைய பகுதியிலும் அவர் வருகிறார், ஆனால் இங்கேதான் இரண்டு குரலும் ஒன்றையொன்று தேடுகின்றன. சொர்க்கம் அழகாக இருக்கிறது, ஏறக்குறைய நம் வீடு மாதிரி என்று தேற்றுவதுபோல ஒரு வரி. அந்த ‘ஏறக்குறைய’தான் சைமன். அப்புறம் இருவரும் சேர்ந்து ஓர் ஆமென். அவர் நம்புகிறாரோ இல்லையோ, அந்த ஆமெனை முழு மனசோடு பாடியிருக்கிறார் என்பதற்கு என் காது சாட்சி.

இனி ரசிகர்கள். 2018 செப்டம்பர் 22-ல் தன் சொந்தப் பேட்டையான குவீன்ஸின் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் பாடி, சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். ரசிகர்கள் அழுது முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் மறுபடி ஒரு பயணம் ஆரம்பித்தார். பெயர் ‘எ கொயட் செலிப்ரேஷன்’. பெரிய அரங்கங்கள் வேண்டாம், ஒலியமைப்பு நல்ல சின்ன தியேட்டர்கள் போதும் என்று தேர்ந்தெடுத்ததற்குக் காதுதான் காரணம். நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனியுங்கள்: முதல் பாதியில் ‘செவன் சாம்ஸ்’ முழுவதும். சின்ன இடைவேளை. பழைய பாட்டெல்லாம் அப்புறம்தான். மேடையில் வேலை செய்கிறவனுக்கு இது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். பழைய ஹிட் கேட்க டிக்கெட் வாங்கியவர்களிடம் புதுப் பாட்டு ஒன்று போட்டாலே பாத்ரூமுக்குக் கூட்டம் கிளம்பும். இங்கே அரைமணி நேரத்துக்கு மேல் கைதட்டக்கூட இடைவெளி இல்லாத படைப்பு. வந்த விமர்சனங்களில் நான் படித்தவரை ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

அது பழைய பாசமா என்று கேட்டால், ஒரு பங்கு நிச்சயமாகப் பாசம்தான். 1960-களிலிருந்து கூட வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். இதே ஆல்பத்தைப் பெயர் தெரியாத ஒருவர் வெளியிட்டிருந்தால் இத்தனை பேர் 33 நிமிஷம் கொடுத்திருப்பார்களா? மாட்டார்கள். ஆனால் பாசம் ரசிகனை உட்கார வைக்கும், பிடிக்க வைக்காது. சைமனின் தலைமுறைப் பாடகரான பாப் டிலனைப் பாருங்கள். கிறிஸ்தவராக மாறிய சூட்டோடு 1979 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் 14 கச்சேரிகள், எல்லாம் புது காஸ்பல் பாட்டுகள், பழசு ஒன்றுகூடக் கிடையாது. அவர் ரசிகர்களுக்குப் பக்தி குறைவா என்ன? கூச்சல் போட்டார்கள், பத்திரிகைகள் கிழித்தன. டிலன் அன்றைக்குப் பதிலோடு வந்தார், நீ எந்தப் பக்கம் என்று கேட்டார். சைமன் கேட்பது தன்னிடம்தான், அதனால் சபையில் இருக்கிற நாத்திகனுக்கும் உட்கார இடம் இருக்கிறது. இரண்டு கூட்டமும் நடந்துகொண்ட விதத்துக்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். இன்னொரு விளக்கமும் பொருந்தும்: 1979-ல் கேட்டவர்களுக்கு வயசு முப்பது, 2025-ல் எழுபத்தைந்து. மூட்டை கட்டுவது பற்றிய பாட்டு எழுபத்தைந்துக்குப் புரிகிற மாதிரி முப்பதுக்குப் புரியாது. உங்கள் வயசை நீங்கள் சொல்லவில்லை.

எல்லாமே அருமை என்று சொல்கிற ரசிகர்களையும் நான் நம்புவதில்லை. நடுவில் ‘மை புரொஃபஷனல் ஒப்பீனியன்’ முடிந்து அடுத்ததற்குப் போகிற இடத்தில் கட்டு தளர்கிறது. ‘த சேக்ரட் ஹார்ப்’ பகுதியில் வழியில் இரண்டு பேரை வண்டியில் ஏற்றிக்கொள்கிற கதை நன்றாகத் தொடங்கி, தாவீதின் யாழைப் பற்றிய பேச்சுக்குப் போனதும் கதை ஆட்கள் காணாமல் போகிறார்கள். வார்த்தைக்கு மெட்டு அடங்கிப்போகிற இடங்களும் உண்டு. ‘கிரேஸ்லேண்ட்’ செய்த கையிலிருந்து வந்ததா என்று கேட்கத் தோன்றும். அதனால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம்.

இன்னொரு தரம் முயற்சி செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். போன் ஸ்பீக்கர், பஸ், சமையல் வேலை எதுவும் வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு சுமாரான ஹெட்போனோ ஸ்பீக்கரோ போதும். வால்யூமை வழக்கத்தைவிட ஒரு புள்ளி கூட்டி வையுங்கள், மெல்லப் பதிந்த ஆல்பம் இது. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவை ‘த லார்ட்’ எங்கெங்கே திரும்பி வருகிறது என்பதை மட்டும் பிடியுங்கள், வேறெதையும் ஆராயவேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் இதை அப்படியே விட்டுவிட்டு 2011 ஆல்பத்துக்குப் போய், அந்த வரிசையில் நிற்கிற பிணத்தின் பாட்டைக் கேளுங்கள். பாட்டின் பெயர் ‘தி ஆஃப்டர்லைஃப்’. தாளம் இருக்கிறது, பல்லவி இருக்கிறது, நாலு நிமிஷம்கூட ஆகாது.